புரூம் போகிறவர்கள் கேட்டவை

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கும் புரூம் என்கிற முத்துக்குளிப்பு ஊரைப் பற்றிப் போன இதழில் இரண்டே பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நான் பெர்த்தில் குடியிருப்பதால் புரூம் எனக்குப் பக்கத்து ஊர் என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். சாலை வழியே போனால் 2,200 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் இரண்டரை மணி நேரம். இருந்தாலும் சாக்குக் கிடைத்தால் போய்விடுவேன். தூத்துக்குடியில் சங்கு குளித்தவரின் பேத்திக்கு வேறு எந்த ஊர் பிடிக்கும்? சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்: மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா வருகிறோம். புரூமுக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதுமா? எந்தத் தேதி நல்லது?

மாதத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழையில்லாத காலம். பகலில் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும், ராத்திரிக்கு மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஆனால் இரண்டு நாள் போதாது, நான்காவது வையுங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, விமான டிக்கெட் விலையைப் பார்க்கும் முன்பு கடல் ஏறி வற்றும் அட்டவணையைப் பாருங்கள். எல்லோருக்கும் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்கு. புரூமில் பெரிய ஏற்ற நாட்களில் அது பத்து மீட்டரை நெருங்கும். காலையில் படகு மிதந்த இடத்தில் பிற்பகல் சேற்றில் நண்டு ஓடும். ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதி, நீர் நன்றாக வற்றினால்தான் கண்ணுக்கே தெரியும்.

கான்தோம் முனையில் சிவப்புப் பாறைகளுக்குக் கீழே டைனோசர் நடந்த தடங்கள் இருக்கின்றன. சுமார் 13 கோடி ஆண்டு பழையவை, மூன்று விரல் தெளிவாகத் தெரியும். அட்டவணையில் நீர்மட்டம் 1.3 மீட்டருக்குக் கீழே போகும் நேரத்தில் போனால் பார்க்கலாம். மற்ற நேரத்தில் போனால், மேலே சிமெண்ட்டில் செய்து வைத்திருக்கும் அச்சைத் தடவிவிட்டு வரலாம். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்.

அடுத்தது ரோபக் விரிகுடாவில் கிடக்கும் விமானச் சிதைவுகள். 1942 மார்ச் 3 அன்று ஜப்பானியப் போர் விமானங்கள் தாக்கியபோது, ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள் பறக்கும் படகுகள் எனப்படும் கடல் விமானங்களுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப் பதினைந்து விமானங்கள் அழிந்தன. குறைந்தது 88 பேர் செத்தார்கள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. வருஷத்தின் மிகத் தாழ்ந்த வற்றுக் காலத்தில் சேற்றுக்குள் நடந்து போய் அவற்றின் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம். தனியாகப் போகவே கூடாது. போகும்போது முழங்கால் அளவு இருந்த நீர் திரும்பும்போது எங்கே இருக்கும் என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, 'நிலாவுக்குப் படிக்கட்டு'. மார்ச் முதல் அக்டோபர் வரை பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள், நீர் வற்றிய சேற்றுப் பரப்பின் மேல் நிலா எழும்பும்போது, ஈரத் திட்டுகளில் ஒளி விழுந்து படிப்படியாக மேலே ஏறுவது போலத் தெரியும். டவுன் பீச்சில் அன்றைக்கு இரவுச் சந்தையும் போடுவார்கள். புகைப்படத்தில் பார்ப்பதைவிட நேரில் சிறியதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம்தான் பெரிது.

பௌர்ணமியை ஒட்டிக் கடலும் நன்றாக வற்றும். ஆக, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். அதற்கு முந்தைய நாள் இறங்கி மூன்று நாள் கழித்துக் கிளம்பினால், நிலா, தடம் இரண்டுமே பெரும்பாலும் அகப்படும். அந்த நாட்களில் அறை வாடகை ஏறும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

மதுரை வாசகி: என் மகன் பெர்த்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கு டிசம்பர், ஜனவரியில்தான் லீவு. அப்போது புரூம் போகலாமா?

போகலாம், அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது புயல் காலம். புழுக்கம் மதுரைச் சித்திரையை மறக்கடிக்கும். நவம்பர் முதல் மே வரை கடலில் கொட்டும் ஜெல்லி மீன் உண்டு. பெட்டி வடிவ ஜெல்லி ஒன்று, நகத்தளவே இருக்கும் இருகாஞ்சி ஒன்று. இரண்டுமே ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வகை. கரையில் வினிகர் பாட்டில் வைத்திருப்பது சாலட்டுக்கு இல்லை, இதற்குத்தான். உப்புநீர் முதலை தலை காட்டினால் கேபிள் பீச்சையே மூடிவிடுவார்கள். மகனிடம் சொல்லி ஜூலையில் ஒரு வாரம் லீவு கேட்கச் சொல்லுங்கள் அம்மா.

தூத்துக்குடி வாசகர்: நம்ம ஊரிலும் முத்துக்குளிப்பு இருந்தது, போய்விட்டது. அவர்களுக்கு மட்டும் எப்படி இன்னும் நடக்கிறது?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன்.

முதல் விஷயம், அவர்கள் குளித்தது முத்துக்காக இல்லை, சிப்பிக்காக. மன்னார் வளைகுடாவில் நம்முடைய முத்துச் சிப்பி உள்ளங்கைக்குள் அடங்கும். ஓடு மெலிசு, அதற்கென்று பெரிய விலை இல்லை. ஆயிரக்கணக்கில் அள்ளிக் கரையில் குவித்து, அழுகவிட்டு, கழுவி, உள்ளே முத்து இருக்கிறதா என்று தேடுவார்கள். புரூமின் சிப்பி வேறு இனம். பிங்க்டாடா மாக்ஸிமா, முத்துச் சிப்பிகளிலேயே பெரியது, முப்பது சென்டிமீட்டர் வரை வளரும். உள்பக்கம் கனமான வெள்ளிப் பளபளப்பு. சட்டைப் பொத்தான், கத்திப் பிடி, விசிறிக் காம்பு எல்லாம் அதில் செய்தார்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது மூட்டை மூட்டையாகச் சிப்பி ஓடுதான். முத்து கிடைத்தால் அது மேல்வரும்படி. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் சுமார் 400 பாய்மரப் படகுகள் புரூமிலிருந்து போய்வந்தன. உலகத்துக்கு வேண்டிய சிப்பியில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

1950களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்தது. அவ்வளவுதான், ஊர் படுத்துவிட்டது.

எழுப்பியது வளர்ப்பு முத்து. அதிலும் ஒரு கூத்து உண்டு. இயற்கை முத்தின் விலை போய்விடும் என்று பயந்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் 1922இலேயே வளர்ப்பு முத்துக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்திருந்தார்கள். 1949இல் தடையை நீக்கி, 1956இல் புரூமுக்கு வடக்கே 400 கிலோமீட்டருக்கும் அப்பால், சாலையே இல்லாத குரி விரிகுடாவில் ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு முதல் பண்ணை தொடங்கினார்கள். வளர்ப்பு முத்து உருவாகச் சிப்பிக்குள் ஓர் உருண்டை மணியை வைப்பார்கள். அந்தப் பெரிய சிப்பிக்குள் பெரிய மணியை வைக்கலாம், பெரிய முத்து எடுக்கலாம். தென்கடல் முத்து என்று நகைக்கடைகளில் விற்பது அதுதான்.

நம்ம பக்கம் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் தூத்துக்குடிக்குப் பக்கத்து வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தே காட்டினார்கள். ஆய்வு ஜெயித்தது, தொழிலாக ஊன்றவில்லை. சின்னச் சிப்பியில் சின்ன முத்துதான் வரும்; அதற்கு ஜப்பானும் பிறகு சீனாவும் போட்டிக்கு இருந்தன.

இன்னொன்று. நம்மூரில் குளியாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லைக் கட்டி இறங்கினால், மேலே கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாக இருப்பார், தங்கை தாலி அறுக்கக் கூடாது என்று அவர்தான் கவனமாக இருப்பார் என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். புரூமில் செம்புத் தலைக்கவசமும் ஈயம் போட்ட காலணியும் மாட்டிக்கொண்டு இறங்கிய ஜப்பானியருக்கும் மேலே கயிறு பிடிக்க ஒருவர் உண்டு. தன் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் அங்கேயும் குளியாளிகள் விட்டுக்கொடுக்க மாட்டார்களாம்.

சென்னை வாசகி: ஊர் சுற்றிப் பார்க்கும் பட்டியலில் ஜப்பானியர் கல்லறை என்று போட்டிருக்கிறார்கள். உல்லாசப் பயணத்தில் சின்னப் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போவதா என்று மாமியார் முகம் சுளிக்கிறார். அவசியமா?

மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். திரும்பி வந்து தலைக்குக் குளித்தால் ஆயிற்று. ஆனால் போகாமல் வராதீர்கள். அதைப் பார்க்காதவர் புரூமைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

அங்கே 707 கல்லறைகளில் 919 பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஜப்பானின் வாகயாமா பக்கத்துக் கடலோரக் கிராமங்களிலிருந்து, கடன் அடைக்கவும் வீடு கட்டவும் சம்பாதிக்க வந்த இளைஞர்கள். நம்மூர்ப் பையன்கள் வளைகுடாவுக்குப் போன கதைதான். கற்கள் பளிங்கு இல்லை. கடற்கரையிலிருந்து எடுத்த பாறைகளைச் செதுக்காமல் அப்படியே நிறுத்தி, ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து எழுத்து வெட்டியிருக்கிறார்கள். செம்மண்ணில் வரிசை வரிசையாக நிற்கின்றன. சிலவற்றின் அடியில் நாணயமோ மதுப் புட்டியோ வைத்திருப்பார்கள், இன்றைக்கும் யாரோ வந்து வைக்கிறார்கள்.

ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி நரம்பையும் மூட்டையும் அடைக்கும். கைகால் விழும், உயிர் போகும். 1914 ஒரே ஆண்டில் இதற்கு 33 பேர் பலியானதாக அங்குள்ள கல்லே சொல்கிறது. மிச்சப் பேரில் பலரைப் புயல் எடுத்தது. 1887இலும் 1935இலும் அடித்த புயல்களில் ஒவ்வொன்றிலும் 140 பேர் மாண்டார்கள். வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையை நாடு முழுக்க அமல்படுத்தியபோதும் முத்துக்குளிப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததற்குக் காரணம் கருணை இல்லை. 1912இல் பிரிட்டிஷ் கடற்படை முக்குளிப்பவர்களைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்து, சரிப்படாமல் போயிற்று. ஆசியர்கள் இல்லாமல் தொழில் நடக்காது என்று முதலாளிகளுக்குத் தெரியும்.

அதற்கும் முன்னால் நடந்தது இன்னும் மோசம். அந்த மண்ணுக்குரிய யாவுரு மக்களும் சுற்றுப்புறத்துப் பழங்குடியினரும் பிடித்து இழுத்துவரப்பட்டு, வெறும் மூச்சோடு கடலில் இறக்கப்பட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பிடிக்கும் சக்தி அதிகம் என்று நம்பி அவர்களையும் இறக்கினார்கள்; 1870களில் சட்டம் போட்டுத்தான் பெண்களைக் குளிக்க வைப்பதைத் தடுக்க வேண்டியிருந்தது. ரோபக் விரிகுடாக் கரையில் நீரிலிருந்து எழும்பி, சிப்பியை உயர்த்திப் பிடித்து நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணின் சிலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் மனிதர்களின் முகத்தில் பழங்குடி, ஜப்பான், மலாய், சீனம், பிலிப்பைன்ஸ் எல்லாம் ஒரே குடும்பத்தில் கலந்திருப்பது எப்படி என்பதும் அப்போது விளங்கும்.

காரைக்குடி வாசகி: மகள் கல்யாணத்துக்கு முத்து வாங்கலாமா? அங்கே மலிவா? ஜோசியர் வேறு என் கணவரை முத்து மோதிரம் போடச் சொல்லியிருக்கிறார்.

மலிவு இல்லை சகோதரி. மலிவான முத்து வேண்டுமானால் ஹைதராபாத் போங்கள். அங்கே விற்பது பெரும்பாலும் சீன நன்னீர் முத்து. புரூமில் வாங்க வேண்டியது தென்கடல் முத்து மட்டும்தான். வாங்கும் முன் ஊருக்கு வடக்கே வில்லி கிரீக்கில் இருக்கும் முத்துப் பண்ணைக்கு அரை நாள் போய்வாருங்கள். உயிரோடு இருக்கும் சிப்பியை இரண்டு விரற்கடை மட்டும் திறந்து ஆப்பு வைத்து, அமெரிக்க ஆற்றுச் சிப்பி ஓட்டில் கடைந்த மணி ஒன்றையும், வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கு ஒன்றையும் எப்படி உள்ளே வைக்கிறார்கள் என்று விளக்கிக் காட்டுவார்கள். அப்புறம் சிப்பி கடலுக்குத் திரும்பும். இரண்டு ஆண்டு அதன்மேல் பாசியும் கொட்டலசும் ஒட்ட ஒட்டச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பார்த்தபின் விலைச் சீட்டைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும்.

கடையில் ஐந்தைப் பாருங்கள்: பளபளப்பு, மேற்பரப்பு, வடிவம், நிறம், அளவு. என் யோசனை, பளபளப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள், வடிவத்தில் விட்டுக்கொடுங்கள். கச்சிதமான உருண்டைக்கு அநியாய விலை. சற்றே கோணலாக, சுற்றிலும் வளையம் ஓடிய முத்து அதில் ஒரு பங்கு விலைக்கு வரும். பதக்கமாகக் கோத்தால் அழகு அதற்குத்தான். முத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். உங்கள் முகத்தின் விளிம்பு அதில் கூர்மையாகத் தெரிய வேண்டும், மங்கலாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்குள் இருக்கும் விளக்கு எல்லா முத்தையும் ராணியாக்கிவிடும்.

ஒரே கடையில் 300 டாலரோ அதற்கு மேலோ வாங்கி, 60 நாளுக்குள் நாடு திரும்பினால் விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவார்கள். ரசீதையும் முத்தையும் கைப்பையிலேயே வையுங்கள். மோதிர விஷயம்: சில ஜோசியர்கள் வளர்ப்பு முத்து செல்லாது என்பார்கள். முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் புரூமில் 'முத்து வைத்தியர்' என்று பேர் வாங்கியவர் எல்லிஸ் என்கிற இலங்கைச் சிங்களவர். கறை படிந்த முத்தின் மேல்தோலைப் படலம் படலமாக உரித்து உள்ளே நல்ல தோலைக் கொண்டுவருவார். ஒரு படலம் கூடுதலாக உரித்தால் முத்தே போய்விடும். முதலாளிகள் பக்கத்தில் மூச்சு விடாமல் நின்றிருப்பார்கள்.

சேலம் வாசகர்: நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஊறுகாய், பொடி கொண்டுபோகலாமா?

பதினைந்தாயிரம் பேர் அளவில் இருக்கும் ஊர். தெருவுக்குத் தெரு சரவண பவனை எதிர்பார்க்காதீர்கள். சமையலறை உள்ள அறையாக எடுங்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் உண்டு, அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். கொண்டுவரும் எந்தச் சாப்பாட்டுப் பொருளையும் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது அட்டையில் எழுதிச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுப் பறிகொடுத்தால் போவது பொடி மட்டும். சொல்லாமல் மாட்டினால் அபராதம். சனிக்கிழமை காலை நீதிமன்றத் தோட்டத்தில் கூடும் சந்தையைத் தவறவிடாதீர்கள். அந்தக் கட்டடம் 1889இல் ஜாவாவிலிருந்து கடலடியில் தந்திக் கம்பி கொண்டுவந்தவர்கள் கட்டியது. கேபிள் பீச் என்ற பேரும் அந்தக் கம்பியால் வந்ததுதான்.

ராத்திரிக்குச் சைனாடவுனில் இருக்கும் சன் பிக்சர்ஸ் திறந்தவெளிக் கொட்டகை. 1916இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. ஒரு காலத்தில் பெரிய ஏற்றம் வந்தால் கடல்நீர் கொட்டகைக்குள்ளேயே வந்துவிடுமாம். இப்போது படத்துக்கு நடுவே தலைக்கு மேல் விமானம் இறங்கும். வெள்ளையருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று பிரித்து உட்கார வைத்த கொட்டகையும் அதுதான்.

சிங்கப்பூர் வாசகர்: வண்டி எடுத்து வடக்கே போனால் என்ன பார்க்கலாம்?

பீகிள் பே போங்கள், சுமார் 130 கிலோமீட்டர். அங்கே 1918இல் கட்டி முடித்த தேவாலயத்தின் பீடம் முழுக்க முத்துச் சிப்பியும் சோழியும் பதித்தது. ஜெர்மன் பாதிரிமார்களும் பழங்குடி மக்களும் சேர்ந்து கட்டியது. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட பழங்குடிக் குழந்தைகள் வளர்ந்த இடமும் அதே வளாகம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். இன்னும் வடக்கே, கேப் லெவெக் முனை வரைக்கும் இப்போது தார்ச்சாலை. அந்தப் பக்கத்துப் பழங்குடியான பார்டி மக்கள் சிப்பியில் கோடு செதுக்கிக் காவி பூசும் 'ரிஜி' என்ற அணியைச் செய்வார்கள். வெள்ளைக்காரர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது கைமாறிக் கைமாறிக் கண்டத்தின் நடுப்பாலைவனம் வரை போயிருக்கிறது. அவர்கள் ஊர்களுக்குள் நுழையும்போது கேட்டுவிட்டு நுழையுங்கள்.

திருச்சி வாசகர்: கேபிள் பீச்சில் சூரியன் மறையும்போது ஒட்டகச் சவாரி போகலாமா? எழுபது வயது அம்மா கூட வருகிறார், முழங்கால் வலி உண்டு.

நீங்கள் போங்கள், அம்மா வேண்டாம். ஒட்டகம் எழும்போது முதலில் பின்காலைத்தான் ஊன்றும். உட்கார்ந்திருப்பவர் முன்பக்கம் தூக்கி எறியப்படுவது போல ஒரு குலுக்கல் வரும். முழங்காலை விட இடுப்புக்கு அது ஆகாது. அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று போட்டுப் புல்தரையில் உட்கார வையுங்கள். 22 கிலோமீட்டர் கடற்கரையும் அங்கிருந்தே தெரியும். ஒன்று மட்டும்: நடந்து பார்க்கிறேன் என்று பாறைகளுக்கு வடக்குப் பக்கம் கூட்டிப்போய்விடாதீர்கள். அந்தப் பக்கம் ஆடையில்லாமல் குளிக்க அனுமதி உண்டு. மணலில் வண்டி ஓட்டுவதும் அந்தப் பக்கம்தான். வாடகை வண்டியை அங்கே இறக்கினால் காப்பீடு செல்லுமா என்று ஒப்பந்தத்தைப் படித்துக்கொள்ளுங்கள். ஏறும் நீரில் மாட்டிய வண்டியை இழுத்துப்போட ஆள் தேடுவதற்குள் கடல் கண்ணாடி வரை வந்துவிடும்.